3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு டைவிங்: 15 வயதில் டைவ் பட்டியலைக் கடினமாக்கலாமா?

நீர்முனை:
வணக்கம் நண்பர்களே. நான் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு 15 வயது. 3 மீட்டரில் அவளுடைய டைவ் பட்டியல் 105பி, 205சி, 305சி, 405சி, 5132டி. (புதியவர்களுக்கு: முதல் எண் வகை; 1 முன்னோக்கி, 2 பின்னோக்கி, 3 ரிவர்ஸ், அதாவது முன்னே பார்த்துத் தாவிப் பலகைப் பக்கமாகப் பின்னால் சுழல்வது, 4 உள்நோக்கி, 5 திருகலோடு. மூன்றாம் எண் எத்தனை அரைக் குட்டிக்கரணம் என்பது. பி என்றால் கால் நீட்டி இடுப்பில் மடியும் பைக் (pike), சி என்றால் முழங்காலையும் மடித்துச் சுருளும் டக், டி என்றால் விருப்பநிலை.) கூடப் போட்டியிடும் சிலர் 107பி, 305பி வரை போய்விட்டார்கள். ஓராண்டில் 6 செ.மீ. வளர்ந்திருக்கிறாள், அதிலிருந்து ஹர்டில் (நடையின் முடிவில் பலகை நுனிக்குத் தாவும் தாவல்) ஒரு நாள் போல் மறுநாள் இல்லை. இப்போதே கடினம் கூட்டலாமா? 10 மீட்டர் மேடைக்கு மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

பலகைநுனி:
ஹர்டிலைச் சரிசெய்யுங்கள், பட்டியல் அப்புறம். உயரமும் எடையும் கூடினால் பலகையின் தாளம் மாறிவிடும். ஃபல்க்ரமை (பலகைக்கு அடியில் தாங்கி நிற்கும், எண்ணிட்டு நகர்த்தும் உருளை) நுனியிலிருந்து தள்ளிப் பின்னால் உருட்டினால் பலகை தளர்ந்து மெதுவாக ஆடும். முன்னால் கொண்டுவந்தால் விறைத்து வேகமாக ஆடும். பழைய எண்ணிலேயே வைத்துக் குதித்தால், கால் இறங்கும்போது பலகை மேலே வந்துகொண்டிருக்கும். முழங்காலில் அடிக்கும், உயரமும் கிடைக்காது.

பக்கவாட்டில் வீடியோ எடுத்து, கால் படும் கணத்தில் பலகை எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஃபல்க்ரமை ஒரு தடவைக்கு ஒரு எண்ணுக்கு மேல் நகர்த்த வேண்டாம். நகர்த்திய அன்று கால் முதலில் விழும் நேர்க்குதிப்பும் 101, 103-உம் போதும். இன்னொரு தவறும் இந்த வயதில் வரும். கால் நீண்டுவிட்டதால் கடைசி அடி பெரிதாகும், உடம்பு முன்னால் சாயும், ஹர்டில் மேலே போகாமல் முன்னே போகும். அதைப் பயந்து அடக்கினால் நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே இறங்குவாள். பாதி விசை அங்கேயே போய்விடும். நடை தொடங்கும் இடத்தைப் புதிதாக அளந்து குறித்துக் கொடுங்கள்.

ஏழுநடுவர்:
கடினம் பற்றி ஒரு கணக்கு. ஏழு நடுவர்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு மதிப்பெண்களை நீக்கி, மிச்ச மூன்றின் கூட்டலைக் கடின எண்ணால் பெருக்குவார்கள். 3 மீட்டரில் 305சி-க்கு 2.8, மூன்றும் 7.5 என்றால் 63. 305பி-க்கு 3.0, அதையே தடுமாறி 6, 6, 6 வாங்கினால் 54. ஆக, அவசரத்துக்கு ஒன்பது புள்ளி அபராதம்.

முதலில் ஏற்ற வேண்டியது 107. அவள் 105பி-யில் சீக்கிரம் விரிந்து, தண்ணீரைப் பார்த்து, கையைக் கோக்க நேரம் மிச்சம் வைக்கிறாளா? அப்படியானால் 107சி தொடங்கலாம். டிராம்போலினில் பாதுகாப்பு பெல்ட் கட்டி, பிறகு அடியைத் தணிக்கும் குமிழி இயந்திரம் ஓடும் தண்ணீரில். பி-க்குப் போவது அதற்கும் பிறகு. பைக்கில் உடல் நீண்டிருப்பதால் சுழற்சி மெதுவாகும், வளர்ந்த பெண்ணுக்கு இன்னும் மெதுவாகும். சர்வதேசப் பெண்கள் போட்டியில் அடிக்கடி காணும் ஐந்து 107பி, 205பி, 305பி, 405பி, 5152பி. அங்கே போய்ச் சேர மூன்று நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டால் தாமதம் இல்லை.

ஆழ்குளம்:
மேடைக்கு மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். 10 மீட்டரிலிருந்து விழும்போது வேகம் மணிக்கு 50 கி.மீ. தாண்டும்; மணிக்கட்டும் தோளும் வாங்குகிற அடி அது. ஸ்பிரிங்போர்டு முழங்கால் தசைநாணையும் கீழ்முதுகையும் தேய்க்கும், ஆனால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் நெடுநாள் தாங்கும். சீனாவின் வூ மின்ஷியா 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் 3 மீட்டர் இணை டைவிங்கில் தங்கம் வென்றார். கடைசித் தங்கத்தின்போது வயது 30. வளைந்து எழும்போது முதுகு ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வலித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வளரும் வயதில் முள்ளெலும்பில் விரிசல் விழுவது இந்த விளையாட்டில் அரிதல்ல.

நீர்முனை:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: 305சி-யில் சில நாள் பலகைக்கு மிக அருகில் வருகிறாள். சற்று வெளியே தாவச் சொன்னால் போதுமா?

பலகைநுனி:
போதாது. வெளியே பாய்ந்தால் சுழற்சி குறைந்து நுழைவு கெடும். பலகை மேலே தள்ளி முடிக்கும் முன்பே தோளைப் பின்னால் எறிவதுதான் காரணம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க டைவர் கிரெக் லுகானிஸ் தகுதிச்சுற்றில் தலையை இடித்துக்கொண்டதும் ரிவர்ஸ் இரண்டரைக் குட்டிக்கரணத்தில்தான். தங்கம் வென்றார் என்பது வேறு விஷயம். கையை மேலே நீட்டி, இடுப்பு முன்னே எழும்வரை காத்திருக்கப் பழக்குங்கள். ரிவர்ஸில் வெறும் குதிப்பு, பிறகு 301, 303. பத்துக்குப் பத்தும் தள்ளி விழும்வரை 305-ஐப் பட்டியலில் வைக்காதீர்கள்.