1939 வெள்ளி ரூபாய் அசல்தானா?

கேள்வி: ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த 1939ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நாணயம், பழம்பொருள் சந்தையில் மலிவாகக் கிடைத்தது. எடை 11.6 கிராம் இருக்கிறது, காந்தத்திலும் ஒட்டவில்லை. நம்பலாமா?

பதில் 1: காந்தச் சோதனை போதாது, செம்பும் பித்தளையும்கூட ஒட்டாதவைதாம். 1939 அபூர்வமானது என்பதால், 1938ஆம் ஆண்டு நாணயத்தின் கடைசி இலக்கத்தைத் திருத்தி விற்பவர்கள் உண்டு. அதில் எடையும் வெள்ளியும் சரியாகவே இருக்கும். உருப்பெருக்கியை வைத்து 9ஐச் சுற்றியுள்ள பரப்பில் சுரண்டிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

பதில் 2: விளிம்பையும் பாருங்கள், ஐயா. வார்ப்புப் போலியாக இருந்தால் தையல் போன்ற மெல்லிய கோடும், பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் தென்படும். மலிவு என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது.

கேட்டவர்: பார்த்தேன். விளிம்பில் குறையில்லை, ஆனால் 9இன் வால் மட்டும் மற்ற இலக்கங்களைவிடப் பளபளக்கிறது.