வங்கி ரோல்களில் வெள்ளிக் காசு தேடுவது: எந்தக் காசில் தேடலாம்?

டேட்டன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவில் டேட்டனுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் கூட வேலை பார்க்கும் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து ஒரு அரை டாலரை எடுத்து மேசையில் வைத்தார். கென்னடி தலை, 1964. வங்கியில் பத்து டாலர் கொடுத்து வாங்கிய ரோலில் (இருபது காசைக் காகிதத்தில் சுற்றிய கட்டு) இருந்ததாம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி என்றார். அன்றைக்கு எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

மூன்று வாரமாகக் கால் டாலர் ரோல்கள் வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 30 ரோல், 1,200 காசு. வெள்ளி ஒன்றுகூட இல்லை. 1965ஆம் வருஷத்துக் காசு 9 தனியாக எடுத்து வைத்தேன், அதிலும் வெள்ளி கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது. நடுவில் நிக்கல் எனப்படும் ஐந்து சென்ட் காசு ரோல் இரண்டு வாங்கினேன். அதில் ஒரு காசு மட்டும் மற்றவற்றைவிடக் கறுத்துப்போய் இருக்கிறது. 1943. பின்பக்கத்தில் கட்டடத்துக்கு மேலே பெரிதாக 'பி' என்ற எழுத்து. அது என்ன?

என் கேள்விகள்: எந்தக் காசில் தேடினால் பலன் இருக்கும்? அரை டாலர் கேட்டால் வங்கியில் "இல்லை" என்கிறார்கள், எப்படிக் கேட்பது? ஒவ்வொரு காசிலும் வருஷம் படிக்காமல் வெள்ளியை அடையாளம் காண வழி உண்டா? இவ்வளவு நேரம் போடத் தகுமா என்று வீட்டில் மனைவி கேட்கிறார், அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

வடகரை:

கால் டாலரை விட்டுவிடுங்கள். பல்பொருள் அங்காடிகளில் சில்லறை எண்ணும் இயந்திரம் இருக்கும் இல்லையா, அது ஏற்காமல் துப்பிய காசு விழும் சின்னத் தட்டைப் போகும்போதெல்லாம் எட்டிப் பாருங்கள். பழைய வெள்ளி டைமின் (பத்து சென்ட் காசு) எடை 2.5 கிராம், இப்போதைய டைம் 2.27 கிராம்தான், உலோகமும் வேறு. அதனால் இயந்திரம் வெள்ளியைத் திருப்பித் தள்ளிவிடும், போட்டவர் கவனிக்காமல் போய்விடுவார். எனக்கு இரண்டு டைம் அப்படித்தான் கிடைத்தது.

கரூர்க்காரி:

தம்பி, அந்த 1943 நிக்கலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதில் வெள்ளி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் உலோகம் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. அதனால் 1942 நடுவிலிருந்து 1945 வரை ஐந்து சென்ட் காசில் நிக்கலை அறவே நீக்கிவிட்டு, 56 பங்கு செம்பு, 35 பங்கு வெள்ளி, 9 பங்கு மாங்கனீஸ் கலந்து அடித்தார்கள். பின்னால் இந்தக் காசுகளைச் சுலபமாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்றுதான் மான்டிசெல்லோ மாளிகைக்கு மேலே அவ்வளவு பெரிய எழுத்து. பிலடெல்பியா நாணயச்சாலை தன் 'பி'யைக் காசில் பொறித்தது அதுதான் முதல் தடவை. மங்கலும் கறுப்பும் அந்தக் கலவையால் வருவது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

1965 காசுகளை ஏன் வைத்தீர்கள் என்று புரிகிறது. எல்லோரும் ஒரு வருஷம் தள்ளித்தான் நினைவு வைக்கிறார்கள். அறுபதுகளில் வெள்ளி விலை ஏறியது, ஜனங்கள் காசைப் பதுக்கினார்கள், நாடு முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடு. 1965 ஜூலையில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்தோடு டைமிலும் கால் டாலரிலும் வெள்ளி நின்றுவிட்டது. ஆகவே இரண்டிலும் 1964தான் கடைசி. அரை டாலருக்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை கொடுத்தது: வெள்ளியை 40 சதவீதமாகக் குறைத்து 1970 வரை அடித்தார்கள். 1970 காசு சேகரிப்பவர்களுக்கான தொகுப்புகளில் மட்டுமே வந்தது, புழக்கத்துக்கு விடவில்லை. அதனால் ரோலில் நீங்கள் பார்க்கப்போவது 1965 முதல் 1969 வரை.

நான் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். நான்கு வருஷமாக அரை டாலர் மட்டும்தான் தேடுகிறேன். நோட்டில் எழுதி வைத்திருக்கும் கணக்கு இது: 62 பெட்டி, பெட்டிக்கு 50 ரோல், ரோலுக்கு 20 காசு, ஆக 62,000 காசு. 90 சதவீத வெள்ளி 34 கிடைத்தது. 40 சதவீதம் 131. இருபத்தேழு பெட்டிகளில் ஒன்றுமே இல்லை. இந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரே பெட்டியில் கை நிறைய வெள்ளி எடுத்தவர்கள் போடும் படத்தை மட்டும் பார்த்து இறங்கினால் மூன்றாவது பெட்டியில் மனசு விட்டுப் போகும்.

அரை டாலரில் ஏன் இன்னும் மிச்சம் இருக்கிறது? 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டார், 1964இல் அவர் தலை போட்ட காசு வந்தது. வாங்கியவர்கள் செலவு செய்யவில்லை, நினைவுப் பொருளாக டப்பாவில் போட்டு மூடிவிட்டார்கள். புழக்கம் குறைந்தது, தானியங்கிகள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை, அப்படியே மறந்தும் போனது. இப்போது அந்தத் தலைமுறை போய்ச் சேரும்போது பேரப்பிள்ளைகள் டப்பாவை அப்படியே வங்கியில் கொட்டுகிறார்கள். இன்னொன்று, 1964 வெள்ளி என்பது பலருக்குத் தெரியும், 1965 முதல் 1969 வரை உள்ளதிலும் வெள்ளி உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. என் கணக்கில் 131க்கு 34 என்று வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அடையாளம் காண்பது விளிம்பில். ரோலைப் பிரித்து இருபதையும் ஒட்டி நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். வெள்ளியில்லாத காசின் விளிம்பில் செம்புக் கோடு பளிச்சென்று ஓடும். 90 சதவீதக் காசின் விளிம்பு முழு வெள்ளை, ஒரு கோடும் இராது. சிக்கல் 40 சதவீதத்தில்தான். அதன் விளிம்பு சாம்பல் கலந்து இருக்கும், மஞ்சள் விளக்கில் ஏமாற்றிவிடும். நான் சனிக்கிழமை காலை ஜன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில்தான் உட்காருவேன். விளிம்பு பார்த்த பிறகும் அரை டாலரில் வருஷத்தையும் படித்துவிடுவேன். எடையை நம்பி மட்டும் முடிவு செய்ய முடியாது: 90 சதவீதம் 12.5 கிராம், 40 சதவீதம் 11.5, சாதாரணக் காசு 11.34. கடைசி இரண்டுக்கும் நடுவே 0.16 கிராம்தான், கொஞ்சம் தேய்ந்தாலே குழம்பிவிடும். 1776-1976 என்று இரட்டை வருஷம் போட்டதைப் பார்த்து ஏமாறாதீர்கள். புழக்கத்துக்கு விட்டதில் வெள்ளி இல்லை, 'எஸ்' எழுத்துப் போட்ட சேகரிப்புத் தொகுப்புக் காசு சிலவற்றில் மட்டும் உண்டு.

என் பாட்டி ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாயைக் கட்டைவிரல் நகத்தில் சுண்டிக் காதோரம் பிடிப்பார். "கணீர்னு கேட்டா வெள்ளி, டொக்குனு கேட்டா வேண்டாம்." அப்பா கரூர்-திருச்சி தடத்தில் கண்டக்டர், அவரும் பையில் விழும் சத்தத்திலேயே செல்லாத காசைப் பிடித்துவிடுவார். என் முதல் 1964 அரை டாலரைச் சமையலறை மேடையில் போட்டபோது அந்தக் கணீரைக் கேட்டேன். பாட்டி போய் இருபது வருஷம். மேடையில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சரி, வங்கி விஷயம். "அரை டாலர் இருக்கிறதா?" என்று மொட்டையாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கணக்கு வைத்திருக்கும் கிளைக்குப் போங்கள். மாதத்தின் முதல் வாரமும் வெள்ளிக்கிழமை மாலையும் வேண்டாம், கவுன்டரில் இருப்பவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. செவ்வாய் காலை போய், "உங்கள் டிராயரில் யாராவது கொடுத்துவிட்டுப் போன அரை டாலர் உதிரியாக இருக்கிறதா? எத்தனை இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். எனக்கு மிக நல்லதெல்லாம் உதிரியில்தான் வந்தது. ஒரு சின்ன ஊர்க் கிளையில் ஏழு காசு டிராயர் மூலையில் கிடந்தது. மூன்றரை டாலர் கொடுத்து வாங்கி வெளியே வந்து காரில் பார்த்தால் மூன்று 1964, ஒன்று 1942, நடக்கும் சுதந்திர தேவி உருவம் போட்ட பழைய வெள்ளி அரை டாலர். கை நடுங்கியது. அப்புறம், பேப்பரில் கையால் சுற்றிய ரோல் இருந்தால் விடாதீர்கள். இயந்திரம் சுற்றியது ஏற்கெனவே பல கை மாறி வந்திருக்கும், கையால் சுற்றியது பெரும்பாலும் ஒரு வீட்டிலிருந்து நேராக வந்தது.

முகம் பழகிய பிறகு 500 டாலர் பெட்டி கேளுங்கள். ஆர்டர் செய்து தருவார்கள், ஒரு வாரம் பிடிக்கும். பார்த்து முடித்ததை வாங்கிய கிளையிலேயே திருப்பிக் கொடுக்கக் கூடாது. நான் முதல் வருஷம் அந்தத் தப்பைச் செய்தேன். அவர்களுக்கும் வேலை இரட்டிப்பு, ஒரு நாள் மேலாளர் வந்து இனி பெட்டி இல்லை என்று சொல்லிவிட்டார். அதைவிட மோசம், ஒரு தடவை நான் பேனாவால் புள்ளி வைத்த என் ரோல்களே எனக்குத் திரும்பி வந்தன. இப்போது வாங்க ஒரு வங்கி, கட்ட வேறொரு வங்கி. சுற்றிக் கொடுக்கும் ரோலில் ஒரு காசுகூடக் குறையக் கூடாது, இரண்டு தடவை எண்ணுங்கள்.

கால் டாலரை வடகரை அண்ணன் விடச் சொல்கிறார், நான் முழுசாக விடச் சொல்ல மாட்டேன். 2019, 2020 இரண்டு வருஷமும் வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலை 'டபிள்யூ' எழுத்தோடு கால் டாலர் அடித்து நேராகப் புழக்கத்தில் கலந்துவிட்டது. மொத்தம் பத்து வடிவம், ஒவ்வொன்றும் 20 லட்சம் மட்டும். வாஷிங்டனின் தலைக்குப் பின்னால், பின்னலுக்குப் பக்கத்தில் எழுத்தைப் பாருங்கள். வெள்ளி இல்லை, ஆனால் சேகரிப்பவர்கள் முகமதிப்புக்கு மேலே பல மடங்கு தருவார்கள். நீங்கள் பார்த்த 1,200இல் அது இருந்ததா என்று தெரியாமலே திருப்பிக் கட்டியிருப்பீர்கள்.

உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குப் பதில்: வெள்ளி அவுன்ஸ் 30 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 1964 அரை டாலரில் சுமார் 10.85 டாலர் வெள்ளி இருக்கிறது, 40 சதவீதத்தில் 4.44. அந்தக் கணக்கில் என் நான்கு வருஷ உழைப்பு 950 டாலர், அதில் காசின் முகமதிப்பு 82.50 போக வேண்டும், பெட்ரோலும் போக வேண்டும். மணிக்கூலி போட்டால் கட்டாது. ஆனால் கையிருப்பு ஒரு சென்ட்கூடக் குறையாது, ஏனென்றால் அரை டாலர் எப்போதும் அரை டாலர். இதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். வருமானம் என்று சொல்லி ஆரம்பித்தால் அடுத்த மாதமே வம்பு வரும்.

ஸ்கார்பரோ:

அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். மிச்சிகன், ஒஹாயோ பக்கம் ரோல்களில் கனடாக் காசு வந்து விழும். எரிச்சலோடு ஒதுக்காதீர்கள். எங்கள் டைமும் கால் டாலரும் 1966 வரை 80 சதவீத வெள்ளி. 1967இல் 80ம் உண்டு, 50ம் உண்டு. 1968இல் சில காசு 50 சதவீத வெள்ளி, சில காசு வெள்ளியே இல்லாத நிக்கல். 1968க்குக் காந்தம் போதும்: ஒட்டினால் நிக்கல், ஒட்டாவிட்டால் வெள்ளி.

டேட்டன்வாசி:

அக்கா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடியே செவ்வாய்க்கிழமை காலை போய் "உதிரி" என்று கேட்டேன். அந்தம்மா டிராயரைத் திறந்து 11 அரை டாலர் எடுத்துக் கொடுத்தார், போன வாரம் "இல்லை" என்று சொன்ன அதே அம்மா! பத்து சாதாரணம், ஒன்று 1967. விளிம்பு நீங்கள் சொன்ன சாம்பல் நிறம். அந்தப் பத்தில் ஒன்று 2005, அதற்கு ஏதாவது விசேஷம் உண்டா? 1967 கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன், குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய் என்கிறார். செய்யலாமா?

கரூர்க்காரி:

புளி வேண்டவே வேண்டாம் தம்பி! எலுமிச்சை, பற்பசை, திருநீறு எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குத் தேய்த்தால் அழகு. காசில் தேய்த்தால் மேல்தோல் போய்விடும், ஒரு லென்ஸ் வைத்தாலே வாங்குபவருக்குக் கீறல் தெரியும். 1967 வெள்ளி மதிப்புக்குத்தான் போகும் என்றாலும் இந்தப் பழக்கம் கைக்கு வரக் கூடாது. நாளைக்கே ஒரு நடக்கும் சுதந்திர தேவி கிடைத்தால் கை தானாகப் புளியைத் தேடும். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

2005ஐயும் எடுத்து வையுங்கள். 2002 முதல் 2020 வரை அரை டாலரைப் புழக்கத்துக்கு அடிக்கவில்லை, சேகரிப்பவர்களுக்கு மட்டும் விற்றார்கள். யாரோ ரோலைப் பிரித்துச் செலவழித்ததால் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பெரிய விலை இல்லை, முகமதிப்புக்கு மேலே கொஞ்சம் கிடைக்கும். நான் தனி டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

மிருதுவான, வளையும் பிளாஸ்டிக் உறையில் காசை வைக்காதீர்கள். அதில் பிவிசி இருந்தால் சில வருஷத்தில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசையே தின்றுவிடும். கெட்டியான குழாய் டப்பா அரை டாலர் அளவில் கிடைக்கும், இருபது காசு பிடிக்கும். அந்த 1967ஐ ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், 11.5 கிராமுக்கு ஒட்டி வர வேண்டும். நோட்டு ஒன்று போட்டு முதல் வரியில் தேதி, கிளை, 11இல் 1 என்று எழுதிவிடுங்கள். அந்தம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, இனி யாராவது அரை டாலர் கொடுத்தால் உங்களுக்கு ஒதுக்கி வைக்க முடியுமா என்று கேளுங்கள். எனக்கு அப்படி ஒதுக்கி வைப்பவர்கள் இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள்.