நுரையீரல் பயாப்சி: பிளாக்கில் திசு கொஞ்சம்தான் மிச்சம், என்ஜிஎஸ்-க்கு எப்படி வெட்டி அனுப்புவது?

திசுக்கூடம் (கேள்வி)

வணக்கம். சிடி பார்த்து ஊசி வழியாக எடுத்த பயாப்சி. நான்கு துண்டுகள், எல்லாம் ஒரே பிளாக்கில் (திசுவைப் பதித்த மெழுகுக்கட்டை). அடினோகார்சினோமா (சுரப்பி செல் வகைப் புற்று), நான்காம் நிலை, நோயாளிக்குப் புகைப்பழக்கம் கிடையாது. புற்றைத் தூண்டும் ஜீன்களில், பிசிஆரில் (குறிப்பிட்ட டிஎன்ஏ மாற்றங்களைத் தேடும் சோதனை) ஈஜிஎஃப்ஆர் நெகட்டிவ், இம்யூனோவில் (புரதத்தைச் சாயமேற்றிப் பார்ப்பது) ஆல்க் நெகட்டிவ். இப்போது ஆன்காலஜியில் என்ஜிஎஸ் (பல ஜீன்களின் வரிசையை ஒரே சமயத்தில் படிக்கும் சோதனை) கேட்கிறார்கள். பிளாக்கில் மெலிசாகத்தான் திசு இருக்கிறது. ஸ்லைடில் புற்றுசெல் 15 சதவீதம் தேறும். இதை அனுப்பலாமா? பிசிஆர் நெகட்டிவ் ஆன பிறகு என்ஜிஎஸ்ஸில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது? ரத்தத்தை மட்டும் (அதில் கலந்திருக்கும் புற்று டிஎன்ஏவைப் பார்க்க) அனுப்பினால் போதாதா?

மெழுகுபிளாக்

அனுப்பலாம், ஆனால் அந்த 15-ஐ முதலில் சரிபாருங்கள். பரப்பளவைப் பார்த்துச் சொன்னதா, நியூக்ளியஸை எண்ணிச் சொன்னதா? லிம்போசைட் சின்னது, கண்ணுக்கு இடம் அடைக்காது. ஆனால் டிஎன்ஏ கணக்கில் அதுவும் ஒரு முழு செல். அழற்சி நிறைந்த துண்டில் பரப்பளவால் 40 என்று தெரிவது, எண்ணிப் பார்த்தால் 15-க்கு இறங்கிவிடும். பல லேப்கள் குறைந்தது 20 சதவீதம் கேட்கும்.

15 என்பது உறுதியானால் மேக்ரோடிசெக்‌ஷன் செய்யுங்கள். எச்&ஈ (வழக்கமான சாயம் போட்ட) ஸ்லைடில் புற்றுசெல் அடர்ந்த இடத்தை மார்க்கரால் வட்டமிட்டு, சாயம் போடாத ஸ்லைடுகளை அதன்மேல் பொருத்தி, அந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். புற்றுசெல் ஒரே மூலையில் கூடியிருந்தால் 15 எளிதாக 40 ஆகும். திசு முழுக்கச் சிதறிக் கிடந்தால் இது உதவாது.

வெட்டுவதை ஒரே அமர்வில் முடியுங்கள். பிளாக்கை மைக்ரோடோமில் (திசுவை மெலிசாகச் சீவும் கருவி) திரும்பத் திரும்ப ஏற்றினால் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சமன்படுத்துவதிலேயே திசு போய்விடும். சின்ன பயாப்சிகள் காலியாவது பெரும்பாலும் இப்படித்தான். 5 மைக்ரானில் சாயம் போடாத 10 ஸ்லைடுகள், கடைசியில் இன்னொரு எச்&ஈ. அந்தக் கடைசி எச்&ஈ-யை விட்டுவிடாதீர்கள். நடுவிலேயே புற்று தீர்ந்துபோய், வெறும் நாரிழைத் திசுவை லேபுக்கு அனுப்பியிருந்தால் அதைச் சொல்ல வேறு சாட்சி இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் புது பிளேடு. தண்ணீர்த் தொட்டியைத் துடைத்து நீர் மாற்றுங்கள். முந்தைய பிளாக்கிலிருந்து மிதந்து வரும் ஒரு துணுக்கு இன்னொருவருக்குப் பொய் பாசிட்டிவ் கொடுத்துவிடும்.

அடுத்த முறைக்கு: நான்கு துண்டுகளை இரண்டு கேசட்டாகப் பிரித்துவிடுங்கள், ஒன்று மூலக்கூறு சோதனைக்கென்றே இருக்கட்டும். வகை பிரிக்க டிடிஎஃப்-1, பி40 ஆகிய இம்யூனோ சாயங்கள் இரண்டே போதும். பத்து இம்யூனோ போட்டுத் திசுவைத் தீர்க்க வேண்டாம். திசுவைப் பதப்படுத்த, 10 சதவீத நியூட்ரல் பஃபர் ஃபார்மலினில் 6 முதல் 48 மணி நேரம். சனிக்கிழமை போட்டு செவ்வாய்க்கிழமை எடுக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

ரீடுகணக்கு

மேலே சொன்னதற்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். புற்றுசெல் 15 சதவீதம், மாற்றம் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் என்றால் ரீடுகளில் (கருவி படிக்கும் டிஎன்ஏ துணுக்குகள்) அதன் பங்கு 7.5 சதவீதம். 500 கவரேஜில் (ஒரே இடத்தை 500 முறை படித்தால்) சுமார் 37 ரீடு. 5 சதவீதத்தை வெட்டுக்கோடாக வைக்கும் லேபில் இது விளிம்புதான். 40 சதவீதமாக்கினால் 100 ரீடு, சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் கவரேஜ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 10 நானோகிராம் டிஎன்ஏவில் ஏறக்குறைய 3,000 ஜீனோம் பிரதிகள். ஃபார்மலினில் நொறுங்கி, பத்தில் ஒன்றுதான் பெருக்கத்தக்க நிலையில் இருந்தால் கையில் இருப்பது 300. அதற்குமேல் எத்தனை ஆயிரம் ரீடு எடுத்தாலும் நகலின் நகல்தான். டிஎன்ஏ அளவைக் க்யூபிட்டில் (டிஎன்ஏவில் ஒட்டும் ஒளிர்சாயத்தால் அளக்கும் கருவி) பாருங்கள். நானோடிராப் (ஒளி உறிஞ்சலால் அளக்கும் கருவி) ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணி ஏமாற்றும்.

ஃபார்மலின் செய்யும் இன்னொரு வேலை, சைட்டோசினை யுராசிலாக்குவது. அது ரீடில் சி இருந்த இடத்தில் டி என்று வரும். ஈஜிஎஃப்ஆர் டி790எம் (பெரும்பாலும் ஈஜிஎஃப்ஆர் மருந்துக்குப் பின் வருவது) மாற்றமும் அச்சாக அதே சி→டி தான். எந்த மருந்தும் எடுக்காதவரின் பழைய பிளாக்கில் 2 சதவீதத்தில் டி790எம் வந்தால் உடனே ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள். யுராசில் கிளைகோசிலேஸ் (யுராசிலை வெட்டி நீக்கும் நொதி) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். போலியாக இருந்தால் பெரும்பாலும் மறையும்.

பிசிஆர் நெகட்டிவ் கேள்விக்கு வருகிறேன். கிட் தன் பட்டியலில் உள்ள மாற்றங்களை மட்டும்தான் தேடும். எக்ஸான் (ஜீனின் குறியீட்டுப் பகுதி) 19 நீக்கம், எல்858ஆர் ஆகியவற்றை நன்றாகப் பிடிக்கும். எக்ஸான் 20 செருகல்களோ பல வடிவம், பல தப்பிவிடும். ராஸ்1, ரெட், என்டிஆர்கே இணைவுகள் (ஜீன் முறிந்து இன்னொரு ஜீனோடு ஒட்டுவது), மெட் எக்ஸான் 14 தாவல், பிராஃப் வி600ஈ, ஹெர்2, கேராஸ் ஜி12சி எதையும் ஈஜிஎஃப்ஆர் பிசிஆர் தொடவே இல்லை. புகைக்காதவருக்கு இணைவு கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். அதனால் ஆர்என்ஏவும் சேர்ந்த பேனலை (சோதிக்கும் ஜீன்களின் தொகுப்பு) கேளுங்கள். இணைவின் முறிவு பெரும்பாலும் நீண்ட இன்ட்ரான்களுக்குள் (எக்ஸான்களுக்கு இடையிலுள்ள பகுதிகள்) நடக்கிறது, டிஎன்ஏ பேனல் அவை முழுவதையும் படிப்பதில்லை. ஆர்என்ஏவில் எக்ஸான் 13-உம் 15-உம் நேராக ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே மெட் தாவல் உறுதி. ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும் என்பதால் வெட்டிய ஸ்லைடுகளை வாரக்கணக்கில் வைத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள்.

நாலாம்வார்டு

ஆன்காலஜி பக்கத்திலிருந்து. ரத்தம் மட்டும் போதாது, ஆனால் இந்த நோயாளிக்குத் திசுவோடு சேர்த்து இன்றே அனுப்புவது நல்லது. ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால் மருந்து தொடங்கலாம். நெகட்டிவ் வந்தால் அதற்கு 'இல்லை' என்று பொருளில்லை. கட்டி போதுமான டிஎன்ஏவை ரத்தத்தில் விடாமல் இருக்கலாம். நோய் மார்புக்குள்ளோ மூளையிலோ மட்டும் இருந்தால் இது அடிக்கடி நடக்கும்.

10 மில்லி குழாய் இரண்டு. செல்லைச் சிதையாமல் காக்கும் ஸ்ட்ரெக் வகைக் குழாய் என்றால் எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து, அறை வெப்பத்திலேயே அனுப்புங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஈடிடிஏ குழாய் என்றால் 4 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும்: முதலில் 1,600 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுத்து 16,000 ஜி-யில் இன்னொரு 10 நிமிடம். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ கலந்து, புற்றின் பங்கு காணாமல் போகும். ரத்த ரிப்போர்ட்டில் டிஎன்எம்டி3ஏ, டெட்2 ஜீன் மாற்றங்கள் வந்தால் பெரும்பாலும் அது வயதான எலும்பு மஜ்ஜையின் குரல், நுரையீரலின் குரல் அல்ல.

ரிப்போர்ட் வருமுன் பெம்ப்ரோலிசுமாப் (இம்யூனோதெரபி மருந்து) போட்டுவிடாதீர்கள், இது மிக முக்கியம். அதன் பின்னால் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் தெரிந்து ஒசிமெர்டினிப் (ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கும் மருந்து) தொடங்கினால் கடுமையான நிமோனைட்டிஸ் (நுரையீரல் அழற்சி) வரும் ஆபத்து கூடுகிறது. இம்யூனோதெரபி போட்ட முதல் சில மாதங்களில் இது அதிகம். காத்திருக்க முடியாத அளவு மூச்சுத்திணறல் என்றால் முதல் சுற்றைக் கார்போபிளாட்டின், பெமெட்ரெக்செட் ஆகிய கீமோ மருந்துகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திசுக்கூடம்

நன்றி டாக்டர், மற்ற இருவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்ததில் ஒரு துண்டின் நுனியில் மட்டும் புற்றுசெல் அடர்த்தி, சுரண்டி எடுக்க முடியும். ஒருவேளை லேபில் போதவில்லை என்றால், இடுப்பெலும்பில் ஒரு படிவு இருக்கிறது. அங்கே எடுக்கலாமா?

மெழுகுபிளாக்

எடுக்கலாம், ஆனால் நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கினால் டிஎன்ஏ அழிந்துவிடும். ஈடிடிஏவில் மட்டும் நீக்கச் சொல்லுங்கள், நாள் கூடுதலாகும். எலும்போடு மென்திசுவும் வந்திருந்தால் அதைப் பிரித்து, நீக்கியில் போடாமல் தனி கேசட்டில் வையுங்கள். ப்ளூரல் நீர் (நுரையீரல் உறைக்குள் சேரும் நீர்) தேங்கியிருந்தால் எலும்புக்குப் போகுமுன் அதை எடுத்து செல்பிளாக் (நீரிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் பதிப்பது) செய்து பாருங்கள்.