சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போதுமா, குளிர்பதனக் கிடங்கு வேண்டுமா?

வேளாண் பட்டதாரி, திருச்சி

பெரம்பலூர்ப் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில், சின்ன வெங்காயத்துக்கெனக் குளிர்பதனக் கிடங்கு கட்டலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டபோது, பட்டறை (கழியும் கீற்றும் கொண்டு காற்றோட்டமாகப் போடும் வெங்காயச் சேமிப்பு) இருக்கையில் கிடங்கு எதற்கு என்று மூத்த உறுப்பினர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுவடை ஒரே சமயத்தில் முடிவதால் சந்தையில் வரத்து குவிந்து விலை சரிகிறது. காத்திருக்க வசதியில்லாதவர் வந்த விலைக்கு விற்றுவிடுகிறார். காத்திருப்பவருக்கோ எடை குறைகிறது, முளை விடுகிறது, அழுகுகிறது. பெரிய வெங்காயத்தைச் சாதாரண முறையில் நான்கு முதல் ஆறு மாதம் வைத்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை இழப்பு ஏற்படும் என்று சொல்லப்படுகிறது. சின்ன வெங்காயம் அதைவிடத் தாங்கும் என்றாலும் இழப்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 0 முதல் 2 டிகிரி செல்சியசும் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் முளைப்பும் அழுகலும் வெகுவாகத் தள்ளிப்போகும். இவ்வளவு தெரிந்த பிறகும் கீற்றையும் கழியையும் நம்பியிருப்பது ஏன்?

செட்டிகுளத்து உழவன்

தம்பி, கீற்றும் கழியும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். பட்டறை எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டு மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையில் கருங்கல்லை வரிசையாக வைத்து, அதன்மேல் மூங்கில் அல்லது சவுக்குக் கழியைப் பரப்பி, அடியில் காற்று தடையின்றி நுழையும்படி விடுகிறோம். அகலம் நான்கு அடியைத் தாண்ட விடுவதில்லை. தாண்டினால் நடுவில் உள்ளது புழுங்கிவிடும். வெங்காயம் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது, அந்தச் சூடும் ஈரமும் வெளியேற வழி வேண்டும் என்பதே காரணம். காற்று அகலவாக்கில் ஊடுருவும்படி, அடிக்கும் திசைக்குக் குறுக்கே நீளத்தை வைக்கிறோம். பக்கத் தட்டியின் இடுக்கில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தால், நன்றாக இருக்கும் பட்டறையில் தோல் சலசலக்கும், கை உலர்ந்தே திரும்பும். உள்ளே வெதுவெதுப்பும் புளித்த வாடையும் தெரிந்தால் அன்றைக்கே பிரித்துக் கொட்டிப் பொறுக்கிவிடுவோம்.

நீங்கள் சொன்ன 0 முதல் 2 டிகிரி சரிதான். ஆனால் வெங்காயம் 25 முதல் 30 டிகிரியிலும் உறங்கும். இடைப்பட்ட 10 முதல் 20 டிகிரியில்தான் வேகமாக முளைக்கும். எங்கள் ஊரின் சாதாரண வெப்பமே அந்த மேல் எல்லையை ஒட்டியோ அதைத் தாண்டியோதான் இருக்கிறது. உங்கள் கிடங்கில் மின்சாரம் நின்று, டீசலும் தீர்ந்து, அறை 15 டிகிரிக்கு ஏறிச் சில நாள் கிடந்தால் நிலைமை என்னவாகும்? வெளியே எடுத்ததும் குளிர்ந்த வெங்காயத்தின்மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் படிந்து வியர்க்குமே, அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டினால் கோயம்பேடு போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும்?

உணவுத் தொழில்நுட்ப மாணவி

இரண்டு பேரும் விட்டுவிட்ட மூன்றாவது வழி ஒன்று உள்ளது. மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்து லாசல்கானில் 2002இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் நிறுவிய கிருஷக் நிலையத்தில், வெங்காயத்தின்மீது காமா கதிர் செலுத்தி முளைப்பைத் தடுக்கிறார்கள். இந்திய விதிகள் குமிழ், கிழங்கு வகைகளுக்கு அனுமதிக்கும் அளவு 0.02 முதல் 0.2 கிலோகிரே (பொருள் உள்வாங்கும் கதிரின் அலகு) வரை மட்டுமே. கதிர் பட்டதால் வெங்காயம் கதிரியக்கப் பொருளாகிவிடாது. கோபால்ட் 60 வெளியிடும் காமா கதிருக்கு அந்த ஆற்றல் கிடையாது. இத்தகைய நிலையம் ஒன்று பெரம்பலூருக்கு அருகில் வந்தால் பட்டறையும் தொடரலாம், முளைப்புக் கவலையும் தீரும் அல்லவா?

செட்டிகுளத்து உழவன்

அம்மா, நாசிக்காரர் விதையிலிருந்து நாற்று விட்டு நடுகிறார். எங்களில் பெரும்பாலோர் வெங்காயத்தையே விதையாக ஊன்றுகிறோம். எக்டேருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் விதை வெங்காயம் வேண்டும். கதிர் பட்ட வெங்காயம் முளைக்காது, அதாவது விதைக்கு உதவாது. ஒரே பட்டறையில் ஒரு பகுதி சந்தைக்கும் ஒரு பகுதி அடுத்த பட்டத்து நடவுக்கும் இருக்கிறது. எதை எவ்வளவு விற்பது என்பதை மழையும் விலையும் பார்த்துக் கடைசி நேரத்தில்தான் முடிவு செய்கிறோம். அறுவடை முடிந்த கையோடு, உறக்கநிலை கலைவதற்குள் கதிர் செலுத்த வேண்டும் என்றால், அந்த முடிவை நாங்கள் முதல் வாரத்திலேயே எடுத்தாக வேண்டும். அதுவும் போக, கதிர் முளைப்பைத் தடுக்குமே தவிர அழுகலைத் தடுக்காது.

சமையலறைப் பார்வை, ஈரோடு

வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் சார்பில் ஒன்று கேட்கிறேன். சில சமயம் வெங்காயத்தை உரிக்கும்போது தோலுக்கடியில் கரும்பொடி கையில் ஒட்டுகிறது. வேறு சில சமயம் மருந்து வாடை அடிக்கிறது. பட்டறையில் பூச்சிக்கொல்லித் தூள் தூவுவதாகவும் கேள்விப்படுகிறேன். நீங்கள் எடையையும் விலையையும் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். உணவு பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை யார் பார்ப்பது?

பல்லடம் மண்டிக்காரர்

அந்தக் கரும்பொடி ஒருவகைப் பூஞ்சணம். ஈரத்தோடு அடைத்த சரக்கிலும், தோல் காயம்பட்ட சரக்கிலும் அதிகம் வரும். மேல்தோலோடு நின்றிருந்தால் உரித்துக் கழுவிவிடலாம். சதைக்குள் இறங்கியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுக்கப் பார்க்காமல் முழுதாக எறிந்துவிடுங்கள். தூள் தூவும் பழக்கத்தைப் பொறுத்தவரை, உண்ணும் பொருளின்மேல் நேரடியாகப் பூச்சிக்கொல்லி போடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. வாடை அடிக்கும் சரக்கை நான் இறக்குவதில்லை.

இன்னொன்று. மண்டியில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு, சரக்கு தாங்குமா தாங்காதா என்பது பட்டறைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடுகிறது. கடைசிவரை யூரியா போட்டு, பறிப்பதற்கு முதல் நாள் வரை தண்ணீர் கட்டிய வெங்காயம் பார்வைக்குப் பெருத்து நிற்கும். தாளும் காயும் சேரும் கழுத்தை அழுத்தினால் விரல் உள்ளே போகும். பறிப்பதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, தாள் சாய்ந்த பிறகு பறித்து, நிழலில் கழுத்து வற்றும்வரை உலர்த்திய வெங்காயம் எங்கே வைத்தாலும் கிடக்கும். கோழிக்கால் நோய் கண்ட காட்டுச் சரக்கைக் குளிர்பதனத்தில் வைத்தாலும் வாடகைதான் மிஞ்சும். ஐப்பசி மழையில் நனைந்த சரக்கும் அப்படித்தான்.

உணவுத் தொழில்நுட்ப மாணவி

அறுவடைக்கு 15 நாள் முன்பு, முளைப்பைத் தடுக்கும் மாலியிக் ஹைட்ரசைடு என்ற வேதிப்பொருளை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம் என்ற பரிந்துரையும் முன்பு இருந்ததே. இலை பச்சையாக இருக்கும்போது தெளித்தால்தான் அது குமிழுக்குள் இறங்கும்.

செட்டிகுளத்து உழவன்

இருந்தது. விதைக்கு வைக்கும் காட்டில் அதையும் தெளிக்க முடியாது என்பதை முன்பே சொன்ன காரணத்திலிருந்து புரிந்துகொள்வீர்கள். மேலும், எச்சம் எவ்வளவு நிற்கும் என்று ஈரோட்டு அம்மா அடுத்துக் கேட்பார். அவர் கேட்பதும் நியாயமே.

வேளாண் பட்டதாரி, திருச்சி

ஐயா, விதை வெங்காயத்துக்குப் பட்டறைதான் என்பதில் நான் சண்டைக்கு வரவில்லை. என் வாதம் சந்தைக்கான பங்கைப் பற்றியது. நன்றாக உலர்த்தித் தரம் பிரித்த சரக்கை மட்டும் கிடங்கில் ஏற்ற வேண்டும். மின்சாரம் தடைப்பட்டாலும் குளிர் சட்டென்று குறையாத தடித்த காப்புச் சுவர் இருக்க வேண்டும். இறக்கும்போது முன்னறையில் விசிறிக் காற்றில் மெல்ல வெப்பநிலையை ஏற்றி, வியர்வை உலர்ந்த பிறகு சாக்குப் பிடித்து, சில நாளில் விற்று முடிக்க வேண்டும். உருளைக்கிழங்கையும் பழத்தையும் அதே அறையில் சேர்க்கக் கூடாது. இவையெல்லாம் செய்யக்கூடியவையே. பட்டறையின் எல்லை என்ன என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும்: மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகும் விலை ஏறவில்லையென்றால் உங்கள் கையில் என்ன இருக்கிறது?

செட்டிகுளத்து உழவன்

நான்கு மாதத்துக்கு மேல் பட்டறை தாங்காது, அதை மறைக்கவில்லை. ஆனால் சின்ன வெங்காயத்துக்கு ஆண்டில் இரண்டு மூன்று பட்டம் இருக்கிறது. நான்கு மாதம் காத்தால் அடுத்த வரத்து வந்து நிற்கும். அதற்கும் மேல் வாடகை கொடுத்துக் காப்பது சூதாட்டம். 2014ஆம் ஆண்டுத் தோட்டக்கலை இயக்க வழிகாட்டுதலில், 25 டன் கொள்ளளவுள்ள குறைந்த செலவுச் சேமிப்பு அமைப்புக்கு 1.75 லட்சம் ரூபாய் மதிப்பிட்டுப் பாதி மானியம் வைத்திருந்தார்கள். கல் தூணும், கம்பி வலைப் பக்கமும், ஒழுகாத கூரையும் உள்ள அந்த மாதிரியில் உறுப்பினர் ஆளுக்கொன்று கட்டட்டும்; மழைக்காலத்தில் உலர்த்தப் பொதுக் கொட்டகை ஒன்றை நிறுவனம் கட்டட்டும். அதன் பிறகும் கிடங்கு வேண்டுமென்றால், மின்சாரம் நின்று சரக்கு கெட்டால் இழப்பு யாருடையது என்பதை எழுத்தில் காட்டுங்கள். அதுவரை என் வாக்கு எதிராகத்தான்.

வேளாண் பட்டதாரி, திருச்சி

நியாயமான நிபந்தனை. மின்கட்டணத்தையும் காப்பீட்டையும் தனித்தனியாகக் காட்டும் வாடகைக் கணக்கோடு, இழப்புப் பொறுப்புக்கான ஒப்பந்த வரைவையும் அடுத்த கூட்டத்துக்கு முன் இங்கேயே பதிவிடுகிறேன். மண்டிக்காரர் ஐயா, கிடங்கிலிருந்து வரும் சரக்குக்கு நீங்கள் விலையைக் குறைப்பீர்களா, பட்டறைச் சரக்கின் விலையே தருவீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். கணக்கே அதில்தான் நிற்கிறது.

பல்லடம் மண்டிக்காரர்

தோல் நிறம் மங்காமல், கழுத்து ஈரமில்லாமல் வந்தால் அதே விலைதான். முதல் வண்டியைச் சாக்கைப் பிரித்துக் கொட்டிப் பார்த்த பிறகே சொல்வேன்.