நேராகக் கேட்கத் தயங்க வேண்டாம்

ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்:

நான் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்த வாரத்தில், வகுப்பிலேயே மிக அழகாக ரெக்கார்டு நோட்டு எழுதும் மாணவி ஒருத்தி, அதுவரை யாரையும் தொடவிடாத தன் ஜாமெட்ரி பாக்ஸையும் கலர் பென்சில்களையும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சில நாட்களாக மதியம் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று தோழி ஒருத்தி சொன்னாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு மனம் பதைத்தது. ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்து, "உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா அம்மா?" என்று நேராகவே கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று ஆசிரியர்கள் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அவள் வெகுநேரம் மேசை ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்துவிட்டு, "ஆமாம் டீச்சர்" என்றாள்.

அன்று அவளைத் தனியே விடாமல் அவள் அம்மாவை வரவழைத்தேன். மறுநாளே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் மாட்டுக்கொட்டகையில் இருந்த பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றச் சொன்னபோது, "படிக்கிற பிள்ளை டீச்சர், அதையெல்லாம் தொடமாட்டாள்" என்றார். நான் விடவில்லை. பதின்வயதில் தற்கொலை எண்ணத்தின் வேகம் பல நேரங்களில் திடீரென்று எழுந்து சிறிது பொழுதில் தணிந்துவிடும். அந்தப் பொழுதில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது. இலங்கையில் 1990களில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பின், 2005க்குள் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

செவிலியர், அவசர சிகிச்சைப் பிரிவு, சேலம்:

ஆசிரியை எழுதியதற்கு அடுத்த கட்டத்தை நான் பார்க்கிறேன். முயற்சி செய்து பிழைத்த பிள்ளைகளைக் கொண்டுவரும் பெற்றோர் பெரும்பாலும் "தெரியாமல் குடித்துவிட்டான்" என்றுதான் சொல்வார்கள். அண்மையில் ஒரு தந்தை என்னைத் தனியே அழைத்து, "உண்மையைச் சொன்னால் பையன்மேல் கேஸ் ஆகிவிடுமா சிஸ்டர்?" என்று கேட்டார். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்ற ஒருவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டிக்கக்கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. இதை விளக்கிய பிறகுதான் அந்தத் தந்தை மனநல மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்தார்.

உண்மையை மறைத்தால் உடலுக்கு மட்டுமே வைத்தியம் நடக்கும். உள்ளே இருக்கும் வேதனையோடு பிள்ளை வீடு திரும்பும். வீடு திரும்பிய முதல் சில மாதங்கள் மீண்டும் முயலும் ஆபத்து மிகுந்தவை. அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் வைத்து விசாரிப்பதும், "எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டாயே" என்பதும் எவ்வளவு கொடுமை! "நீ பிழைத்து வந்ததே எங்களுக்குப் போதும்" என்று சொல்லுங்கள், மதிப்பெண் பேச்சைத் தள்ளிவையுங்கள், மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டுக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டின் பின்புறம் மனநல ஆலோசனை தரும் அரசின் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416ஐயும் தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண்ணான 104ஐயும் எழுதி, இரவிலும் அழைக்கலாம் என்று பிள்ளையின் கையிலேயே கொடுக்கிறேன்.