ரெண்டு நீலகிரி சைஸ் பனிப்பாறை உடைஞ்சா கடல் ஏறுமா?

கோத்தகிரி_தேயிலைக்காடு:
வணக்கம். ஏழாவது படிக்கிற என் பொண்ணு நேத்து கேட்டா, அண்டார்டிகால 2017 ஜூலைல ஏ68னு ஒரு பனிப்பாறை உடைஞ்சுச்சாம், 5800 சதுர கிலோமீட்டராம், நம்ம ஜில்லாவே சுமார் 2500 தானேப்பா, ரெண்டு நீலகிரி கடல்ல விழுந்தா தண்ணி மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்துடுமான்னு. தலைக்குந்தால புல்லு மேல வெள்ளையா உறைபனி பாத்திருக்கேன், தேயிலை கருகிறதையும் பாத்திருக்கேன், இது வேற விஷயமா இருக்கு. பிள்ளைக்குத் தப்பா சொல்லிடக்கூடாது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர்_வாத்தியார்:
நல்ல கேள்விங்க. அது புதுசா கடல்ல விழல, லார்சன் சி-ங்கிற ஐஸ் ஷெல்ஃப்ல (தரையில இருந்து கடல் மேல நீண்டு மிதக்கிற பனித்தட்டு) ஒட்டிக்கிட்டு ஏற்கனவே மிதந்துட்டு இருந்ததுதான். டம்ளர்ல ஐஸ்கட்டி போட்டு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி வெச்சுக் காட்டுங்க, ஐஸ் உருகினாலும் வழியாது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் உயரத்துக்கு மேல, அண்டார்டிகா மொத்தமும் உருகினாலே 58 மீட்டர் கிட்டதான் ஏறும், ஆனா சென்னை, நாகப்பட்டினம் எல்லாம் அதுக்குள்ள போயிடும்.

அவலாஞ்சி_மழை:
சார் சொன்னது சரி, ஆனா பாதிதான். நம்ம ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச்சுவர் கட்டுறோம்ல, சுவருக்குன்னு பெரிய எடை ஒண்ணும் இல்ல, ஆனா அது போச்சுன்னா பின்னாடி நிக்கிற மண்ணு இறங்கிடும். ஐஸ் ஷெல்ஃபும் அப்படித்தான், தரை மேல மெதுவா நகர்ந்து வர்ற பனியாறுங்களைத் தாங்கிட்டு நிக்குது. 2002ல லார்சன் பி-ங்கிற ஷெல்ஃப்ல 3250 சதுர கிலோமீட்டர், சுமார் ஒரு மாசத்துல நொறுங்கிப் போச்சு, அதுக்கப்புறம் பின்னாடி இருந்த பனியாறுங்க பல மடங்கு வேகமா கடலுக்கு ஓடிச்சு. அந்தப் பனிதான் கடலுக்குப் புதுசு, அதுதான் மட்டத்தை ஏத்தும். எனக்கு பயமே அங்கதான்.

ஊட்டி_கேரட்:
ஓரம் உடையுறது எப்பவும் நடக்குறதுதான், எல்லாத்துக்கும் பயப்படவேண்டாம். ஏ23ஏனு இன்னொரு பனிப்பாறை 1986லயே உடைஞ்சு கடல் தரையில தட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஒரே இடத்துல நின்னுச்சு, அப்புறம்தான் நகர ஆரம்பிச்சுது. ஏ68ல வந்த விரிசலை முன்னாடியே சேட்டிலைட் வெச்சு அளந்துட்டே இருந்தாங்க, அதையும் பாப்பாகிட்ட சொல்லுங்க.

கோத்தகிரி_தேயிலைக்காடு:
ரொம்ப நன்றிங்க. டம்ளர் வழியல. தடுப்புச்சுவர், விரிசல் எல்லாம் சொன்னதும் அவ ஸ்கேலை எடுத்துட்டுப் போயி எங்க பின்பக்கச் சுவர்ல இருக்கிற விரிசலை அளந்து நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சிருக்கா. மழைக்கு முன்னாடி மேஸ்திரியைக் கூப்பிடுறேன்.