பெரிய எண்களைச் சொன்னால் பூஜ்ஜியத்தில் தடுமாறும் ஐந்தாம் வகுப்பு

சாக்பீஸ்_டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், தமிழ்வழி. கூட்டல் கழித்தல் ஓரளவு பரவாயில்லை, ஆனால் பெரிய எண்ணை வாயால் சொல்லி எழுதச் சொன்னால் நோட்டைப் பார்க்கவே முடியவில்லை. "நான்கு இலட்சத்து ஏழாயிரத்து ஐம்பத்து மூன்று" என்றால் ஒரு பிள்ளை 400000700053 என்று எழுதுகிறது, இன்னொன்று 4753 என்று முடித்துவிடுகிறது. இடமதிப்பு அட்டவணையைப் போர்டில் போட்டால் சரியாக நிரப்புகிறார்கள், அதை அழித்துவிட்டால் பழைய கதைதான். படிப்பதிலும் இதே பாடு, ஆறு இலக்கம் என்றால் ஒன்று, பத்து, நூறு என்று விரல் வைத்து எண்ணிய பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

மணிச்சட்டம்:
டீச்சர், அந்த இரண்டு பிள்ளைகளும் செய்வது ஒரே தப்பு இல்லை, அதனால் ஒரே வைத்தியம் பலிக்காது.

முதல் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. நான்கு இலட்சத்துக்கு 400000, ஏழாயிரத்துக்கு 7000, அப்புறம் 53, மூன்றையும் வரிசையாக ஒட்டிவிட்டது. பார்க்கப்போனால் அதற்கு ஒவ்வொன்றின் மதிப்பும் தெரியும், அவை ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. இதற்கு அட்டைதான் சரி. 400000, 7000, 50, 3 என்று தனித்தனி அட்டை, வலது ஓரம் சேரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 407053 வந்துவிடும். திரும்பப் பிரித்தால் அடியில் மறைந்திருந்த பூஜ்ஜியங்கள் வெளியே வரும். பிள்ளையே அடுக்கட்டும், பிரிக்கட்டும், நீங்கள் போர்டில் செய்து காட்டினால் போதாது.

இரண்டாவது பிள்ளைக்குப் பூஜ்ஜியம் காதில் விழவே இல்லை. எப்படி விழும், நாம்தான் அதை வாயால் சொல்வதே இல்லையே! அதற்குக் கோடு போடப் பழக்குங்கள். 'இலட்சத்து' என்று கேட்டதும் 4 எழுதி ஒரு கமா, பிறகு இரண்டு கோடு, கமா, மூன்று கோடு. ஏழாயிரம் என்றால் அந்த இரண்டு கோட்டில் வலது பக்கத்தில் 7, ஐம்பத்து மூன்று கடைசி இரண்டில். ஆள் இல்லாத கோட்டில் எல்லாம் பூஜ்ஜியம், 4,07,053. அட்டவணையை ஒரேயடியாக அழிப்பதால்தான் தடுமாறுகிறார்கள். முதலில் அட்டவணை, சில நாள் கழித்துக் கோடு, பிறகு கமா மட்டும் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள்.

படிப்பதற்கும் கமாதான் கைகொடுக்கும். வலமிருந்து மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டு. 99 வரை படிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கமாவுக்கு முன்னால் இருப்பதைப் படித்து 'இலட்சத்து', 'ஆயிரத்து' என்று சேர்க்க வேண்டிய வேலை மட்டும்தான்.

கிராமத்து_வாத்தியார்:
மேலே சார் சொன்னதோடு இன்னொன்று. "தொள்ளாயிரத்து எண்பது" சொல்லி எழுதச் சொல்லுங்கள், நாலைந்து பேராவது 9080 எழுதுவார்கள். சொல்லுக்குள்ளேயே ஆயிரம் இருக்கிறது, பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூறிலும் நூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம், தொண்ணூறாயிரம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். மற்ற எண்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம்.

அப்புறம், ரூபாய் நோட்டை வைத்து நடத்தச் சொல்வார்கள். 1, 10, 100 வரை நன்றாகப் போகும். ஆயிரம் ரூபாய் நோட்டுதான் 2016 நவம்பரிலேயே செல்லாமல் போய்விட்டதே, இந்தப் பிள்ளைகள் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 200, 500 நோட்டுகள் பத்துப் பத்தாக ஏறும் கணக்குக்கு ஒத்துவராது. காகிதத்தில் 1000, 10000 என்று நீங்களே வெட்டிக்கொள்வது நல்லது.

அம்மா_பெங்களூரு:
நான் டீச்சர் இல்லை, வீட்டில் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சும்மா எண் கொடுத்தால் அவளுக்குச் சலிப்பு, அதனால் நிஜ எண்களாகப் பார்த்துக் கொடுக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நீலகிரி மாவட்டம் 7,35,394, பெரம்பலூர் 5,65,223, எது பெரியது என்று கேட்டால் சண்டை போட்டுப் படிக்கிறாள். தமிழ்நாடு மொத்தம் 7,21,47,030, கடைசியில் உள்ள அந்த 030தான் நல்ல பொறி. நிலாவுக்கு உள்ள தூரம் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர், அதையும் கொடுக்கலாம். ஆனால் போனில் கால்குலேட்டரைத் திறந்தால் 384,400 என்று கமா இடம் மாறி வருகிறது, குழம்புகிறாள்.

மணிச்சட்டம்:
அது மூன்று மூன்றாகப் பிரிக்கும் பன்னாட்டு முறை, நம் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில்தான் வருகிறது. அதுவரை கால்குலேட்டரை ஒளித்து வையுங்கள் 😄 இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுமே போகும்.

சாக்பீஸ்_டீச்சர்:
ரொம்ப நன்றி. திங்கட்கிழமை அட்டையோடு தொடங்குகிறேன். எந்த அளவில் வெட்டுவது?

மணிச்சட்டம்:
கட்டம் போட்ட நோட்டுத் தாளே போதும், ஓர் இலக்கத்துக்கு ஒரு கட்டம். 3க்கு ஒரு கட்டம், 50க்கு இரண்டு, 400000க்கு ஆறு. எல்லாக் கட்டமும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், கோணினால் பூஜ்ஜியம் பாதி எட்டிப்பார்க்கும். பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினால் கிழியாது.